முள் முறிந்த மணலை

தன்னாமுனைப் பக்கத்தில் வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்பார்கள். அந்த ஆற்றில் நெஞ்சளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவள் சீதேவிப்பிள்ளை. அவளிடம் வலையுமில்லை, தோணியுமில்லை. பிடித்ததைப் போட இடுப்பில் கட்டிய பறி ஒன்று, பத்து விரல்கள், அவ்வளவுதான். புருசன் காய்ச்சலில் போன பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பிள்ளை இல்லை. அதே வளவில், ஒரே வேலிக்குள், தங்கை ஆச்சிப்பிள்ளையின் வீடு இருந்தது. தங்கையின் புருசன் வல்லிபுரம் வீச்சுவலைக்காரன்; அதிர்ந்து பேசாதவன். விடியப் போனால் பத்து மணிக்குள் கறிக்கு மீனோடு திரும்புவான். இரண்டு வீட்டுக்கும் சமையல் ஓரிடத்தில்தான்.

பெண்கள் பிடிக்கும் இறாலை ஏறாவூர் உசனார் வந்து வாங்குவார். ஒற்றைமாட்டு வண்டியில் ஈரச்சாக்குப் போட்டு மூடி, கிரான் பக்கத்து வயல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். மிஞ்சியதைப் பெண்கள் தெருவோரத்து வாகைமரத்தின் கீழ் குவித்து வைத்து விற்பார்கள். சந்தை அங்கிருந்து கூப்பிடு தூரம். சந்தைக்குள் இருந்து விற்பதற்குச் சீட்டு வேண்டும். சீட்டுக் கொடுப்பவன் சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கதிர்காமத்தம்பி. அவன் பெண்களுக்குச் சீட்டுக் கொடுப்பதில்லை. பிடித்ததையெல்லாம் தனக்கே, தான் சொல்லும் விலைக்கே தரவேண்டும் என்பது அவன் எண்ணம்.

சந்தைக்கு அரைமைல் சுற்றளவில் சீட்டில்லாமல் மீன் விற்பது குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தது. அப்படியொன்று இருப்பது வாகைமரத்தடிப் பெண்களுக்குத் தெரியாது. 1933ஆம் ஆண்டு ஆவணியில் ஒருநாள் தெரியவந்தது.

கதிர்காமத்தம்பி ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மற்றப் பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சீதேவிப்பிள்ளை ஓடவில்லை. ஓடுவதற்குத் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இது ஆற்றில நான் தடவிப் பிடிச்ச இறால். ஆரிட்டயும் களவெடுத்ததில்ல" என்றாள்.

"பிடிச்சது சரி. தெருவில வித்ததுதான் பிழை. சீட்டு எங்க?"

"சீட்டு நீங்க தரமாட்டயள்."

"அப்ப வித்தது பிழைதானே கா?"

கான்ஸ்டபிள் பெயரை எழுதிக்கொண்டான். சட்டத்துக்கு அது போதும். கதிர்காமத்தம்பிக்குப் போதவில்லை. எதிர்க் கடையிலிருந்து ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எடுப்பித்து, கூடையிலிருந்த இறாலின்மேல் கவிழ்த்தான். அப்போதும் உயிரோடிருந்த இறால்கள் எண்ணெய்க்குள் துள்ளின. சீதேவிப்பிள்ளை பதறிக் கையை விட்டு அவற்றை அள்ளினாள். முழங்கைவரை எண்ணெய் வழிந்தது.

"இனிச் சனம் உன்ட கைய மணந்து பாத்துத்தான் இறால் வாங்கும்" என்று சொல்லி அவன் சிரித்தான். கடைக்காரனும் சிரித்தான். தெருவில் நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள்.

நீதிமன்றத்தில் பத்து ரூபாய் தெண்டம். கட்டாவிட்டால் சிறையில் இரண்டு கிழமை மறியல். அவள் மறியலுக்கே போகிறேன் என்றாள். வல்லிபுரம் விடவில்லை.

"என்ட மச்சாள் மறியலுக்குப் போனா நான் ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட நடக்கிற?" என்றான். அன்று பின்னேரமே தன் வீச்சுவலையை விற்றுத் தெண்டத்தைக் கட்டினான். வலை போன பிறகு அவனுக்குப் பிழைப்பில்லை. கூலிக்கு ஆள் எடுக்கிற தோணிகள் அந்தக் கரையில் ஒருவனிடம்தான் இருந்தன. அடுத்த மாதமே வல்லிபுரம் கதிர்காமத்தம்பியின் தோணியில் கூலிக்கு ஏறினான். இறால் வாங்கிய குற்றத்துக்காக உசனாருக்கும் தெண்டம் விழுந்தது. அவர் இறாலை விட்டுத் தேங்காய் ஏற்றத் தொடங்கினார்.

சீதேவிப்பிள்ளை இறாலைச் சந்தைக்குக் கொண்டுபோய் கதிர்காமத்தம்பியிடமே கொடுத்தாள். வேறு வழியில்லை. ஒவ்வொரு நாளும் அவன் கூடையை வாங்குமுன், "கையைக் காட்டு கா" என்பான். அவள் நீட்டுவாள். அவன் குனிந்து முகர்ந்து, மூக்கைச் சுளித்து, "இன்னும் போகல்ல" என்பான். சந்தை சிரிக்கும். சில நாள் அவன் மறந்துபோனாலும் மீன் வெட்டுகிறவர்கள் நினைவூட்டுவார்கள்.

ஏறக்குறைய இரண்டு வருடங்கள் அவள் கையை நீட்டினாள். திட்டியதில்லை, அழுததில்லை. அவன் ஆற்றில் விழுந்து சாகவேண்டும் என்றுகூட அவள் நேர்ந்துகொள்ளவில்லை. செத்தால் அவனுக்கு என்ன நோகும்? அவன் உயிரோடு, சனத்துக்கு முன்னால், இன்னொருவன் சொல்லக் கேட்டுக் கையை நீட்டவேண்டும். தண்ணீருக்குள் குந்திச் சேற்றைத் தடவும்போதெல்லாம் அவள் இதையே நினைத்தாள். சேற்றுக்குள் ஒரு இறால் அகப்பட்டால் அதன் தலையை நெரிப்பதில் ஒரு அழுத்தம் கூடியிருந்தது.

1935ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, வல்லிபுரம் கறிக்கு இரண்டு மணலை மீன் கொண்டுவந்தான். முதலாளி தந்தது என்றான். சீதேவிப்பிள்ளை மீனை அறுக்க உட்கார்ந்தாள். கையில் எடுத்ததுமே ஏதோ பிழையென்று தெரிந்தது. மீன் துணிபோல மடிந்தது. வயிற்றைக் கீறினால் உள்ளே கட்டிப்போன இரத்தம். நடுமுள் இரண்டு இடத்தில் முறிந்து, சதை முள்ளைவிட்டுக் கழன்றிருந்தது. வலையில் அகப்பட்ட மீனுக்குச் செவுளில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். இதில் அதுவும் இல்லை.

இரண்டாவது மீனையும் அறுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே. கறியை ஆக்கித் தங்கையின் பிள்ளைகளுக்குப் போட்டாள். தான் தின்னவில்லை.

பின்னேரம் வல்லிபுரம் முற்றத்தில் தனியே இருந்தபோது போய் அருகில் குந்தினாள்.

"மீன் நல்ல மீன். எந்தப் பக்கம் பிடிச்ச?"

"கண்டல் திட்டுக்கு அங்கால."

"வலையில?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"முள் முறிஞ்சிருந்த வல்லிபுரம்" என்றாள்.

"ஆரிட்டயும் சொல்லிப்போடாத மச்சாள்" என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். "கல்லுடைக்கிற இடத்தில ஆரோ அவருக்கு வெடி குடுக்கிறாங்க. சனிக்கிழமைச் சந்தைக்காக ஒவ்வொரு வெள்ளியும் விடியப்புறம் போறது. எங்களைத் தொட விடமாட்டார். திரியை அவரே பத்தவைச்சு அவரே எறிவார். நாங்க மிதக்கிறத அள்ளுறது மட்டுந்தான்."

"அவரேவா எறியிற?"

"அவரேதான்."

சீதேவிப்பிள்ளை எழுந்து தன் வீட்டுக்குள் போனாள். வெகுநாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள் என்று ஆச்சிப்பிள்ளை பின்னர் ஆட்களிடம் சொன்னாள்.

ஊர்த் தலைவரான விதானையிடம் போய்ப் பயனில்லை. கதிர்காமத்தம்பியின் மீன் தின்னாத நாள் விதானை வீட்டில் இல்லை. மறுவாரம் சந்தை நாளில் அவள் உசனாரைத் தேடி ஏறாவூருக்கு நடந்தாள். விசயத்தைச் சொன்னதும் அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"வெடிக்கு மறியல்தான் தங்கச்சி. தெண்டத்தோட போகாது. ஆனா அந்தத் தோணியில உன்ட தங்கச்சிட மாப்பிள்ளையும் இரிக்காரே?"

"இரிக்கார், காக்கா." அண்ணன் முறையில் அவரை அவள் காக்கா என்றே அழைப்பாள்.

"அவரையும் பிடிப்பானுகள்."

"நீங்க வண்டியைப் பூட்டுங்க" என்றாள் அவள்.

வழியில் உசனார் சந்தைக்குள் போய் கதிர்காமத்தம்பியின் பெட்டியிலிருந்து ஒரு மணலையும், வேறொருவனிடம் ஒரு மணலையும் வாங்கினார். பட்டணத்துப் பொலிசில் இன்ஸ்பெக்டர் ஒரு பறங்கியர். தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் மேசைக்கு முன் நிலத்தில் தாமரை இலையை விரித்து, இரண்டு மீனையும் அவள் கீறிக் காட்டினாள். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"எந்த நாள்? எத்தனை மணிக்கு? தோணியில் யார் யார்?"

"வெள்ளி, விடியப்புறம். கதிர்காமத்தம்பியும் கூலிக்காரர் மூணு பேரும்."

"கூலிக்காரரின் பெயர்?"

"கூலிக்காரர்ட பேர் உங்களுக்கு என்னத்துக்கு ஐயா? எறியிறவன்ட பேரைச் சொல்லிப்போட்டன்தானே."

வியாழக்கிழமை மாலை வல்லிபுரம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். சீதேவிப்பிள்ளை வாளியை வாங்கி அவனுக்கு நீர் ஊற்றினாள்.

"நாளைக்கு வேலைக்குப் போகாத. கால் வீங்கிக் கிடக்கு எண்டு சொல்லு."

"ஏன் மச்சாள்?"

"சும்மாதான். கனவொண்டு கண்டன், சரியில்ல."

அவன் சிரித்தான். "போன மாசம் காய்ச்சல் எண்டு ஒருநாள் நிண்டதுக்கே ஏசினவர். நாளைக்கும் நிண்டா வேலை போயிரும்."

இன்னும் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் தப்பியிருப்பான். ஆனால் அவனுக்கு ஒளிக்கத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தே கதிர்காமத்தம்பி கண்டுபிடித்துவிடுவான்; தோணி போகாது. அந்த ஒரு சொல்லை அவள் விழுங்கினாள். வாளியில் மிஞ்சிய நீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் வருமுன்னே ஆற்றில் இறங்கினாள். கண்டல் திட்டு அங்கிருந்து தூரம், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கழுத்துவரை இருக்க, கை சேற்றுக்குள் இருந்தது. முதல் வெடி அவள் காதில் விழுமுன் விரல்களில் வந்து தட்டியது. சேறு நடுங்கியது. இரண்டாவதும் வந்தது. பிறகு விசில் சத்தம், ஒன்றுக்குமேல் ஒன்றாக. அவள் அசையாமல் அப்படியே குந்தியிருந்தாள். அன்று ஒரு இறாலும் பிடிக்கவில்லை.

பொலிஸ் தோணிகள் நெருங்கியபோது கதிர்காமத்தம்பி மிச்ச வெடியை ஆற்றில் எறிந்துவிட்டான். தோணியில் நனைந்த வலை ஒன்று வைத்திருந்தான். வலையில் பிடித்த மீன், வெடிச்சத்தம் எங்கிருந்து வந்ததோ தெரியாது என்று சாதித்தான். மீன் அழுகிப்போகுமுன் அன்று மத்தியானமே நால்வரையும் நீதவான் முன் நிறுத்தினார்கள். சீதேவிப்பிள்ளையையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

குற்றவாளிக் கூண்டில் கதிர்காமத்தம்பிக்குப் பக்கத்தில் ஈரச் சாரத்தோடு வல்லிபுரம் நின்றான். அவள் உள்ளே வந்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கதிர்காமத்தம்பிக்காக வாதாடும் பிறக்கிராசியார் எழுந்தார்.

"இரண்டு வருடத்துக்கு முன் நீ சீட்டில்லாமல் விற்றுத் தெண்டம் கட்டினாயா?"

"ஓம்."

"பிடித்துக் கொடுத்தவர் இந்தக் கதிர்காமத்தம்பிதானே?"

"ஓம்."

"ஆகவே உனக்கு இவர்மேல் பகை இருக்கிறது."

"இரிக்கி. நல்லா இரிக்கி" என்றாள் சீதேவிப்பிள்ளை. "எனக்குப் பகை எண்டதுக்காக மீன்ட முள் முறியுமா ஐயா? வெட்டிப் பாருங்க. வெட்டாமலே நான் தொட்டுச் சொல்லுவன், எது வெடி, எது வலை எண்டு."

இதை மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில் சொன்னதும் நீதவான் எழுதுவதை நிறுத்தினார். சிறிது யோசித்துவிட்டு ஒரு சேவகனைப் பட்டணத்துச் சந்தைக்கு அனுப்பி வலைமீன் வாங்கிவரச் செய்தார். அதில் மூன்றும், பிடிபட்டதில் மூன்றும் ஒரு தட்டில் கலந்து வைக்கப்பட்டன. ஆறும் மணலை, ஏறக்குறைய ஒரே அளவு. அவளுடைய கண்ணை வெள்ளைத் துணியால் கட்டினார்கள்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். தலைக்குப் பின்னால் பெருவிரலை வைத்து அழுத்தினாள். வாலைப் பிடித்து மெல்ல மடித்தாள்.

"இது வலை... இது வெடி... இதும் வெடி... இது வலை."

ஐந்தாவது மீனில் கை நின்றது. திரும்பத் திரும்பத் தடவினாள்.

"இது எனக்குத் தெரியா. நல்லா நசிஞ்சு போய்க் கிடக்கு. சொல்லமாட்டன்."

"தெரியாதாம்!" என்று பிறக்கிராசியார் சிரித்தார். நீதவான் சிரிக்கவில்லை.

"இது வெடி" என்று ஆறாவதை வைத்தாள்.

மன்றத்திலேயே மீன்களைக் கீறினார்கள். அவள் சொன்ன ஐந்தும் சொன்னபடியே இருந்தன. சொல்லாத ஒன்று, பெட்டியின் அடியில் மற்ற மீன்களின் பாரத்தில் நசுங்கிய வலைமீன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சாட்சி என்று நீதவான் குறித்துக்கொண்டார். வழக்கை இரண்டு கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

கதிர்காமத்தம்பியைப் பிணையில் எடுக்க ஆள் இருந்தது. வல்லிபுரத்தை எடுக்க ஒருவருமில்லை. நாலாம் நாள் கதிர்காமத்தம்பி ஆச்சிப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பினான்: சாட்சி மாறினால் வல்லிபுரத்துக்குச் சொந்தமாக ஒரு தோணியும் வலையும் தருகிறேன்.

ஆச்சிப்பிள்ளை தமக்கையின் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவர் உனக்காகத்தான் வலைய வித்தவர். அந்த வலை இருந்தா அவன்ட தோணியில ஏறியிருப்பாரா?"

"ஏறியிருக்கமாட்டார்."

"அப்ப போய்ச் சொல்லு. கண்ணைக் கட்டினதில தடுமாறிப்போட்டன் எண்டு சொல்லு. ஒரு சொல்லுத்தானே அக்கா."

"சொல்லமாட்டன்."

"என்ட பிள்ளையளுக்காகவும் மாட்டியா?"

"ரெண்டு வருசம் அவன் என்ட கைய மணந்தவன் ஆச்சி. சந்தையே சிரிச்ச. ஒருநாள் நீயும் அங்க நிண்டநீ. வாயே திறக்காம நிண்டநீ. நான் உன்னில கோவிக்கல்ல. ஆனா இப்ப என்னை மாத்திச் சொல்லு எண்டு கேக்காத."

"அதுக்காக என்ட குடும்பத்தை எரிப்பியா நீ?"

"அவன்ட வீட்டுக்குத்தான் நெருப்பு வைச்சன். உன்ட வீடு ஒட்டிக் கிடந்திட்டு" என்றாள் சீதேவிப்பிள்ளை.

ஆச்சிப்பிள்ளை எழுந்தாள். பொதுவாக இருந்த அடுப்படிக்குப் போய்த் தன் பானை, சட்டி, அகப்பை, அம்மிக் குழவி எல்லாவற்றையும் இரண்டு நடையில் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் தமக்கையோடு பேசவில்லை.

தீர்ப்பு நாளில் கதிர்காமத்தம்பிக்கு ஆறு மாதக் கடூழிய மறியல். சந்தைக் குத்தகையும் பறிபோனது. கூலிக்காரர் மூவருக்கும் இருபது ரூபாய் தெண்டம். கட்டாவிட்டால் ஒரு மாதம். மன்ற வாசலில் சனம் கூடியிருந்தது. சந்தைக் கடைக்காரர்களும் மீன் வெட்டுகிறவர்களும் வந்திருந்தார்கள். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்துக்கொண்டு கதிர்காமத்தம்பியிடம், "கையை நீட்டு" என்றான். அவன் நீட்டினான். சீதேவிப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். விலங்கு பூட்டி முடியும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். அவள் காதில் அது ஏறவில்லை. அப்படியொரு குளிர்ச்சி தன் நெஞ்சில் முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை என்று அவள் பிற்காலத்தில் வெட்கப்படாமல் சொல்வாள்.

அங்கிருந்து நேரே பட்டணத்தில் ஒரு தட்டாரிடம் போய்த் தன் காதுத் தோட்டைக் கழற்றி விற்றாள். வல்லிபுரத்தின் தெண்டத்தைக் கட்ட வந்தாள். அவன் கம்பிக்குள் நின்று சொல்லிவிட்டான்:

"நான் அந்தத் தோணியில போவன் எண்டு தெரிஞ்சுதானே செஞ்ச?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப காசைக் கொண்டு போ மச்சாள். நான் மாசத்தைக் கழிச்சுப்போட்டு வாறன்."

அவன் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு வந்தான். வந்த மூன்றாம் நாள் மனைவி பிள்ளைகளோடு வாழைச்சேனைக்குப் போய்விட்டான். தோட்டை விற்ற காசுக்கு ஒரு வீச்சுவலை வாங்கி சீதேவிப்பிள்ளை ஆளிடம் கொடுத்தனுப்பினாள். வலை திரும்பி வந்தது. வளவில் தங்கையின் வீடு பூட்டிக் கிடந்தது. மழைக்கு ஒரு பக்கக் கூரை சரிந்தது.

புதிய குத்தகைக்காரர் பெண்களுக்கும் சீட்டுக் கொடுத்தார். சந்தைக்குள் கிணற்றுக்குப் பக்கத்தில் சீதேவிப்பிள்ளைக்கு இடம் கிடைத்தது. ஐப்பசி மாதம் கதிர்காமத்தம்பி மறியலிலிருந்து வந்தான். மெலிந்து, தலை மயிர் கத்தரித்துக் கிடந்தது. அவனுக்குத் தோணியும் இல்லை, சந்தையும் இல்லை. மற்றவர்களைப்போல கையில் பனையோலை உமலோடு மீன் வாங்க வந்தான். அவள் முன்னால் நின்று, பேசாமல் இறாலைக் காட்டினான்.

"விக்கிறதில்ல" என்றாள்.

"குவிச்சு வைச்சிருக்காயே?"

"மத்தச் சனத்துக்கு விக்கிறது. உனக்கு விக்கிறதில்ல."

அவன் அடுத்த கிழமையும் வந்தான். அப்போதும் அதே பதில். அவள் பக்கத்திலிருந்த பெண்களும் அவனுக்கு விற்கவில்லை. கடைசியில் அவன் வீட்டுக்கு இறால் வேண்டுமென்றால் மனைவி வேறு சந்தைக்கு நடந்து போகவேண்டியிருந்தது. சீதேவிப்பிள்ளைக்கு அதுவும் தெரியும். அந்தப் பெண்ணுக்காக அவள் மனம் இரங்கவில்லை.

நாலு வருடம் சென்றபின் ஒருநாள் உசனார் வாழைச்சேனைப் பக்கம் வண்டி போவதாகச் சொன்னார். சீதேவிப்பிள்ளை ஒரு கூடை இறாலோடு ஏறிக்கொண்டாள். ஆச்சிப்பிள்ளையின் வேலிப்படலையில் நின்று கூப்பிட்டாள். ஆச்சிப்பிள்ளை வெளியே வந்து பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கூடையை வாங்கிக்கொண்டு போய் இறாலைச் சட்டியில் கொட்டினாள். கூடையை அலசித் திருப்பித் தந்தாள்.

"சின்ன இறாலா இரிக்கி" என்றாள். நாலு வருடத்தில் அவள் சொன்ன முதல் வார்த்தை.

"மாரி துடங்கினா பெருசு வரும். கொண்டாறன்."

ஆச்சிப்பிள்ளை படலையைச் சாத்தினாள். ஆனால் கொண்டி போடவில்லை.

திரும்பும் வழியில் உசனார் மாட்டை மெதுவாக நடக்கவிட்டார். கேட்கவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, இவ்வளவும் போனதுக்குப் பிறகு கேக்கன். திரும்ப அந்த நாள் வந்தா செய்வியா?"

"செய்வன், காக்கா" என்றாள் சீதேவிப்பிள்ளை யோசிக்காமலே. சிறிது தூரம் போனபின், "வல்லிபுரத்துக்கு மொதல்ல ஒரு வலை வாங்கிக் குடுத்துப்போட்டுச் செய்வன்" என்றாள்.